தழைக்கு அடங்கும் தீ: குன்றுகளின் மேல் விழித்திருக்கும் கேமராக்கள்

காட்டில் பற்றும் தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதைச் சருகின் அளவும் காற்றின் வேகமும் நிலத்தின் சரிவும் தீர்மானிக்கின்றன என்றாலும், மனிதர் அதை அணைக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தீ பற்றிய கணத்துக்கும் முதல் வனக்காவலர் அங்கே சென்று சேரும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரமே ஆகும். சருகையும் காய்ந்த புல்லையும் எரித்தபடி தரையோடு நகரும் தரைத்தீயின் சுடர் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும்வரை, பச்சைத் தழைக் கொத்தால் அடித்தும், மண்ணை வாரிப் போட்டும், எதிரே கிடக்கும் சருகைக் கூட்டி ஒதுக்கியும் சில பேரே அதை அடக்கிவிடலாம். சுடர் அந்த உயரத்தைத் தாண்டிவிட்டால் வெப்பம் தாங்காமல் ஆட்கள் அதன் முன் நிற்க முடியாது என்பதால், அதன்பின் இயந்திரங்களையும் தண்ணீரையும் சில வேளைகளில் ஹெலிகாப்டரையும் நாட வேண்டியிருக்கும். தழைக்கு அடங்கும் நிலையிலேயே தீயைக் காவலரின் கையில் ஒப்படைப்பதுதான், உயர்ந்த இடங்களில் கேமராக்களை நிறுத்தி அவற்றைக் கம்பியில்லாமல் இணைக்கும் கண்காணிப்பு முறையின் ஒரே நோக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தின் திருவெண்ணெய்நல்லூரைப் போன்ற சமவெளி ஊர்களுக்கு இது தொலைவிலுள்ள விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வூரின் வயல்களுக்கு நீர் தரும் தென்பெண்ணை, ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே புகுந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, திருக்கோவிலூர் வழியாகவே அங்கு வந்து சேர்கிறது. அந்த மலைச்சரிவுகளின் சருகுப் போர்வை எரிந்துபோனால், மழைத்துளி நேரே மண்ணில் அறைந்து வண்டலை அடித்துச் செல்லும். அவ்வண்டல் ஓடைகளிலும் அணைகளிலும் ஏரிகளிலும் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கும். வடக்கே செஞ்சியைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளிலும் பாக்கம்மலைக் காடுகளிலும், மேற்கே 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் அமைந்த கல்வராயன் சரிவுகளிலும் கோடையில் பற்றும் தீ, ஆறுகளின் வழியே சமவெளி உழவரின் கணக்கிலும் வந்து சேர்கிறது.

நிமிடங்களின் கணக்கு

காற்றில்லாத சமதரையில், ஒரே சீரான சருகின் மேல் பற்றும் தீ ஏறக்குறைய வட்டமாக விரிகிறது என்று கொண்டால், வட்டத்தின் ஆரம் நேரத்துக்கு நேர் விகிதத்திலும், எரியும் பரப்பு நேரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் வளரும். தீயின் விளிம்பு நிமிடத்துக்கு 5 மீட்டர் நகர்கிறது எனில், 10 நிமிடத்தில் ஆரம் 50 மீட்டராகவும் எரிந்த பரப்பு 0.8 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஆரம் 300 மீட்டராகி, பரப்பு 28 ஹெக்டேரைத் தாண்டிவிடும். நேரம் 6 மடங்கு கூடும்போது பரப்பு 36 மடங்கு கூடுகிறது. அணைக்க வேண்டிய விளிம்பின் நீளமோ சுமார் 300 மீட்டரிலிருந்து 1,900 மீட்டராக வளர்கிறது.

மலைச்சரிவில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். மேல்நோக்கி ஏறும் தீ, தனக்கு மேலேயுள்ள புல்லைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்திச் சூடேற்றிக்கொண்டு செல்வதால், சரிவு 10 பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்பது தீத்தடுப்புத் துறையினர் கைக்கொள்ளும் தோராய விதி. அவ்விதிப்படி 30 பாகைச் சரிவில் தீ சமதரையைவிட எட்டு மடங்கு விரைவாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தீ, காய்ந்த புல் அடர்ந்த செங்குத்தான சரிவில்தான் பரவியது. சரிவில் சிக்கிய மனிதர் தீயை முந்தி மேலே ஓடித் தப்புவது பெரும்பாலும் இயலாது. தீ எங்கே இருக்கிறது, எத்திசையில் ஏறுகிறது என்ற செய்தி முன்கூட்டியே கிடைப்பதுதான் அவருக்குரிய பாதுகாப்பு.

செயற்கைக்கோள் பார்வையின் இடைவெளி

இந்தியக் காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பரப்பு அடிக்கடி தீக்கு உள்ளாகக்கூடியது என்று டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. தீப்புள்ளியின் அமைவிடம் குறுஞ்செய்தியாகவே களப் பணியாளரைச் சென்றடைகிறது.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிர்களை, அதாவது கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களை, வெளியிடுகிறது. வெயிலில் காய்ந்த பாறை ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீச, 700 செல்சியஸ் பாகையைத் தாண்டிய சுடர் ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டரில் மிகுதியாகக் கதிர்வீசுகிறது. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே 4 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் நோக்கும் உணரிக்கு, சூடான நிலத்தின் நடுவே சிறிய தீயும் தனித்துத் தெரியும். டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் மோடிஸ் உணரி 1 கிலோமீட்டர் கட்டங்களாகவும், சுவோமி என்பிபி போன்றவற்றின் விர்ஸ் உணரி 375 மீட்டர் கட்டங்களாகவும் நிலத்தைப் பார்க்கின்றன. ஒரு கட்டத்தின் சிறு பகுதியே எரிந்தாலும் இவை அதைக் கண்டறியும்.

குறை இருப்பது கூர்மையில் அன்று, நேரத்தில்தான். இந்தச் செயற்கைக்கோள்கள் துருவங்களைச் சுற்றி வருவதால், ஓர் இடத்தை நாளுக்குச் சில முறை மட்டுமே கடக்கின்றன. பிற்பகல் 2 மணிக்குக் கடந்து சென்ற செயற்கைக்கோளுக்கு, 3 மணிக்குப் பற்றும் தீ நள்ளிரவு வரை தெரியாமலே போகலாம். அரை மணிக்கு ஒருமுறை இந்தியாவைப் படமெடுக்கும் இன்சாட் வகைப் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வெப்பப் படங்களோ சுமார் 4 கிலோமீட்டர் கட்டங்களாக அமைவதால், சிறு தீ அவற்றில் கரைந்து மறைந்துவிடுகிறது. நாடு முழுவதையும் ஒரே பார்வையில் அளக்கச் செயற்கைக்கோளே ஏற்றது. குறிப்பிட்ட சில மலைகளை இடைவிடாமல் நோக்குவதற்கு நிலத்திலேயே நிற்கும் கண் வேண்டும்.

கேமரா எதைப் பார்க்கிறது

காட்டுத்தீயில் தொலைவுக்கு முதலில் தெரிவது சுடரன்று, புகையே. சருகு பற்றுவதற்கு முன்பே வெப்பத்தால் சிதைந்து நீராவியையும் எரிவாயுக்களையும் நுண்துகள்களையும் வெளியிடுகிறது. இவை மர உச்சிகளுக்கு மேலே வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ எழும்போது, மரங்களால் மறைந்திருக்கும் சுடர் கேமராவுக்குத் தெரிவதற்கு நெடுநேரம் முன்பே புகை தெரிந்துவிடுகிறது. கோபுரத்தின் மேல் சுழலும் கேமரா, வட்டம் முழுவதையும் பகுதி பகுதியாகப் படமெடுத்து, ஒவ்வொரு பகுதியையும் அதே பகுதியின் முந்தைய படங்களோடு ஒப்பிடுகிறது.

அந்த ஒப்பீட்டில் கணினி பல அடையாளங்களைத் தேடுகிறது. புகை ஒரே புள்ளியிலிருந்து தொடர்ந்து கிளம்பி, மேலே செல்லச் செல்ல அகன்று, காற்றின் திசையில் சாயும். தன் பின்னாலுள்ள மரங்களின் விளிம்புகளையும் பாறைகளின் கோடுகளையும் மங்கச் செய்யும். துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் ஏனிஸ் செட்டினின் ஆய்வுக் குழு, படத்தின் கூர்மையான விவரங்கள் படிப்படியாகக் குறைவதையே புகைக்கு அடையாளமாகக் கொள்ளும் கணித முறைகளை வகுத்தது. அண்மைக்காலத்தில், ஆயிரக்கணக்கான புகைப் படங்களையும் புகையற்ற படங்களையும் காட்டிப் பயிற்றப்பட்ட நரம்பியல் வலையமைப்பு எனும் செயற்கை நுண்ணறிவு முறை, எவை அடையாளங்கள் என்று மனிதர் வகுத்துக் கொடுக்காமலே, அவற்றைத் தானாகக் கற்றுக்கொள்கிறது.

இரவில் புகை தெரியாது. அப்போது சுடரின் ஒளியையும், கண்ணுக்குத் தெரியும் செந்நிறத்தை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்புக் கதிரையும் சாதாரண கேமராக்களே பதிவு செய்துவிடும். வெப்பத்தைப் படமாக்கும் தனிக் கேமராக்களும் உண்டென்றாலும் அவை விலை மிகுந்தவை. செஞ்சியைப் போன்ற இடங்களில் பகலெல்லாம் காய்ந்த கருங்கல் உருண்டைகள் அந்தி சாய்ந்த பின்னும் சூடாகவே இருப்பதால், வெப்பத்தை மட்டும் நம்பும் கருவி பாறைக்கும் தீக்கும் இடையே தடுமாறும்.

குன்றிலிருந்து குன்றுக்கு

சமவெளியின் நடுவே திடீரென எழும் குன்றுகள் கண்காணிப்புக்கு இயற்கையாகவே ஏற்றவை என்பதைச் செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து, நாற்புறமும் வரும் படையை உச்சியிலிருந்தே காணும்படி அவர்கள் கோட்டையை அமைத்தனர். அடிவாரத்திலிருந்து 200 மீட்டர் உயர்ந்த குன்றின் உச்சியிலிருந்து, தடையில்லாத சமவெளியில் தொடுவானம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் அமையும். ஆயினும் தூசும் ஈரப்பதமும் கலந்த காற்றில் சிறு புகையைத் தொடக்கத்திலேயே இனங்காணும் தொலைவு பெரும்பாலும் 10 முதல் 15 கிலோமீட்டர் வரையே. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டையின் சின்னங்களைத் தொடாமல், அதைச் சூழ்ந்த வேறு உயரங்களிலோ வனத்துறையின் கோபுரங்களிலோ கேமராக்களை நிறுத்த இடமுண்டு.

உயரம் மட்டும் போதாது. பார்வை தடையின்றியும் இருக்க வேண்டும். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர உச்சியில் ஏற்றப்படும் கார்த்திகை மகாதீபம் பல ஊர்களுக்குத் தெரிவதற்கு, அது எல்லாவற்றுக்கும் மேலே எரிவதே காரணம். அதே மலையின் ஒரு பள்ளத்தில் எரியும் தீ அடுத்த சரிவில் நிற்பவருக்கே தெரியாமல் போகலாம். ஆகவே வலையமைப்பைத் திட்டமிடுவோர், நிலத்தின் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எண்களாகப் பதிந்த உயர வரைபடத்தைக் கணினியில் இட்டு, எந்தக் கோபுரத்துக்கு எந்தப் பள்ளத்தாக்கு மறைகிறது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒன்றின் மறைவை மற்றொன்று ஈடுசெய்யும்படி இடங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இரண்டு கேமராக்கள் ஒரே புகையைக் கண்டால், ஒவ்வொன்றும் நோக்கும் திசையைக் கோடாக நீட்டி, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே தீயின் இடம் என்று கொள்ளலாம். நில அளவையர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முக்கோண முறையே இது. திசையில் அரைப் பாகை பிழை நேர்ந்தால், 12 கிலோமீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 105 மீட்டர் பக்கவாட்டுப் பிழையாகிறது. காவலர் சென்றபின் புகையைக் கண்டே இடத்தை அடைய அத்துல்லியம் போதும். ஒரே கேமராவுக்கு மட்டும் தெரியும் புகையானாலும், பார்வைக் கோடு நிலத்தைத் தொடும் இடத்தை உயர வரைபடத்திலிருந்து கணக்கிட வழியுண்டு.

படங்களைக் கொண்டு சேர்ப்பது அடுத்த சிக்கல். காட்டுக்குள் கம்பி இழுப்பது செலவு மிக்கது. யானையும் காற்றும் மரக்கிளையும் அதை அறுத்துவிடும். கைபேசி அலை பள்ளத்தாக்குகளில் கிடைக்காது. எனவே கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய நுண்ணலைகளால் செய்தி தாவிச் செல்கிறது. இவ்வலைகளுக்கு நேர்கோட்டுப் பார்வை தேவை என்பதோடு, அக்கோட்டைச் சுற்றிலும் திறந்தவெளியும் தேவை: 12 கிலோமீட்டர் இணைப்பின் நடுப்பகுதியில் அத்திறந்தவெளியின் ஆரம் ஏறக்குறைய 13 மீட்டர். இடையே வளர்ந்துவிட்ட ஒரு மரம்கூட இணைப்பை நலிவிக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

அனுப்பும் தரவின் அளவையும் கருத வேண்டும். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் இடைவிடாத காணொளியை அனுப்பினால் ஒரு கேமராவிலிருந்து மட்டும் நாளுக்கு 43 கிகாபைட் திரளும். நிமிடத்துக்கு அரை மெகாபைட் அளவிலான ஒரு நிலைப்படம் மட்டும் அனுப்பினால் அது 720 மெகாபைட்டில் அடங்கும். கோபுரத்திலேயே சிறு கணினியை வைத்துப் படங்களை அங்கேயே ஆராய்ந்து, ஐயத்துக்குரியவற்றை மட்டும் அனுப்பினால் சுமை மேலும் குறையும். சூரியத் தகட்டிலும் மின்கலத்திலும் இயங்கும் கோபுரத்துக்கு, அலைபரப்பில் மிச்சமாகும் மின்சாரமும் பெரிது.

வயல் புகையும் காட்டுப் புகையும்

இம்முறையின் மிகக் கடினமான பகுதி, புகையைக் காண்பதைவிட, கண்ட புகை எதனுடையது என்று அறிவதே. பத்துக் கேமராக்கள் நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் நாளுக்கு 14,400 படங்கள் சேரும். ஆயிரம் படங்களில் ஒன்றில் மட்டும் கணினி தவறினாலும் நாளுக்குப் பதினான்கு பொய் எச்சரிக்கைகள் எழும். வெயிலில் பல கிலோமீட்டர் நடந்து சென்று வெறுங்கையோடு திரும்பும் காவலர், சில வாரங்களில் எச்சரிக்கையையே பொருட்படுத்தாமல் விடுவது மனித இயல்பு.

விழுப்புரம் வட்டாரத்தில் இச்சிக்கல் இரட்டிப்பாகும். திருவெண்ணெய்நல்லூரை அடுத்த பெரியசெவலையிலும் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலும் சர்க்கரை ஆலைகள் அமைந்த கரும்பு நாடு இது. வெட்டு முடிந்த வயல்களில் கரும்புச் சோகையைக் கொளுத்தும் வழக்கமும், காடுகளில் தீ பற்றும் பிப்ரவரி முதல் மே வரையிலான பருவமும் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. செங்கல் சூளையின் புகை, ஆலைப் புகைபோக்கி, கல் குவாரியின் தூசு, புழுதி உழவில் எழும் மண், விடியற்காலைப் பனிமூட்டம் என ஒவ்வொன்றும் தொலைவிலிருந்து காட்டுத்தீயைப் போலவே தோற்றமளிக்கக்கூடும். கலிபோர்னியாவின் ஊசியிலைக் காடுகளைப் பார்த்துப் பயின்ற கணினிக்குச் சோகை எரியும் வயல் புதியது என்பதால், இவ்வட்டாரத்தின் படங்களைக் கொண்டே அதற்குப் பயிற்சி அளிக்க வேண்டும்.

மூன்று வழிகள் இப்பிழையைக் குறைக்கின்றன. காப்புக்காட்டு எல்லையை உயர வரைபடத்தில் குறித்து, எல்லைக்கு வெளியே கிளம்பும் புகையைத் தனியே ஒதுக்கலாம். ஆனால் வயலோரத் தீயே காட்டுக்குள் தாவுவதும் உண்டென்பதால், எல்லையை ஒட்டிய ஒரு பட்டையைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். ஒரே இடத்துப் புகை அடுத்தடுத்த படங்களில் நீடித்து வளர்ந்தால் மட்டும் எச்சரிக்கை எழுமாறு அமைக்கலாம். கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி பெற்ற ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்த பிறகே களத்துக்குச் செய்தி செல்லும்படி வைக்கலாம். நன்றாக இயங்கும் வலையமைப்புகளில் பொதுவாகக் கடைசி முடிவை மனிதரே எடுக்கின்றனர்.

நடைமுறையில் உள்ளவை

மணற்பாங்கான நிலத்தில் பைன் காடுகள் நிறைந்த ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலம், பழைய தீக்காவல் கோபுரங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்களை நிறுத்தியுள்ளது. அந்நாட்டு விண்வெளி மையம் விண்கலங்களுக்காக வடிவமைத்த கேமரா நுட்பத்திலிருந்து பிறந்த அமைப்பு அது. கலிபோர்னியாவில் ஹான்ஸ் வெர்னர் பிரவுன், பிராங்க் வெர்னன் ஆகியோர் 2000-இல் சான் டியாகோவில் தொடங்கிய கம்பியில்லா ஆராய்ச்சி வலையமைப்பு, மலையுச்சிகளை இணைத்துத் தீக் கேமராக்களுக்கு வழிவகுத்தது. அதன் வழிவந்த அலர்ட்கலிபோர்னியா திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் உள்ளன. 2023 ஜூலையில், கிளீவ்லாந்து தேசியக் காட்டில் அதிகாலை 3 மணிக்குப் பற்றிய தீயைச் செயற்கை நுண்ணறிவு கண்டு சொல்ல, தீயணைப்பாளர் ஒரு மணி நேரத்துக்குள் அதை அணைத்தனர். எல்லோரும் உறங்கும் வேளையில் எந்தத் தொலைபேசி அழைப்பும் வராத தீ அது. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் பென்ச் புலிகள் காப்பகம் 2024-இல் உயர்ந்த கோபுரமொன்றில் இத்தகைய கேமராவை நிறுவி, சுமார் 350 சதுர கிலோமீட்டர் பரப்பில் எழும் புகையைச் சில நிமிடங்களில் கண்டறியும் முறையை அறிமுகப்படுத்தியது.

தமிழ்நாட்டுக்கும் இந்நுட்பம் புதியதன்று. கோவை மதுக்கரை வனச்சரகத்தில் ரயிலில் அடிபட்டு யானைகள் இறப்பதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரண கேமராக்களும் நிறுவப்பட்டன. யானை நெருங்குவதைச் செயற்கை நுண்ணறிவு கண்டவுடன் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி சென்று, அங்கிருந்து ரயில்வே ஊழியர் எச்சரிக்கப்படுகின்றனர். காட்டோரக் கோபுரம், கேமரா, தானியங்கி எச்சரிக்கை, இரவு பகலாக இயங்கும் கட்டுப்பாட்டு அறை ஆகிய நான்கையும் நடத்திப் பார்த்த மாநிலத்துக்கு, அதே அமைப்பைத் தீக்கு விரிவுபடுத்துவது இயல்பான அடுத்த படி.

எச்சரிக்கைக்குப் பின்

கேமரா தீயை அணைப்பதில்லை. புகை தெரிந்து மூன்று நிமிடத்தில் செய்தி வந்தாலும், காவலர் சென்று சேர இரண்டு மணி நேரமானால் முன் சொன்ன கணக்கின்படி பெற்ற பயன் முழுவதும் கரைந்துவிடும். ஆகவே கோபுரங்களுக்குச் செலவிடும்போதே, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளைச் சீர்செய்யவும், தீப்பருவக் காவலரை அடிவார ஊர்களிலேயே பணியமர்த்தவும், அவர்களுக்குக் காலணியும் தண்ணீர்க் குடுவையும் சருகை ஒதுக்கும் காற்றூதியும் கம்பியில்லாப் பேசியும் தரவும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் போல ஒவ்வொரு ஓடையையும் ஒற்றையடிப் பாதையையும் அறிந்தவர்களே தீயிடத்துக்கு முதலில் சென்று சேர வல்லவர்கள்.

அதே மக்களின் தனிமைக்குக் கேமரா இடையூறாகிவிடக் கூடாது. உத்தராகண்டின் கார்பெட் காப்பகத்தில், வனவிலங்குகளுக்காக வைக்கப்பட்ட கேமராக்களும் டிரோன்களும் விறகு பொறுக்கச் செல்லும் பெண்களை அச்சுறுத்தப் பயன்பட்டதை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2024-இல் வெளிக்கொணர்ந்தது. குடியிருப்புகளும் நீர்த்துறைகளும் படத்தில் தாமாகவே மறைக்கப்படுவதும், தீயற்ற படங்கள் குறுகிய காலத்தில் அழிக்கப்படுவதும் தொடக்கத்திலேயே விதியாக்கப்பட்டால்தான், மலைமக்கள் அக்கோபுரத்தைத் தங்களுடையதாகக் கருதுவர். அவர்களின் ஒத்துழைப்பின்றி எந்த எச்சரிக்கையும் பயன் தராது.

இந்தியக் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கைப்பட்டே பற்றுகிறது: புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ப்பர் வைப்பது, தேனெடுப்போர் மூட்டும் புகை, அணைக்காமல் வீசிய பீடித்துண்டு, காட்டோர வயலில் கவனியாமல் விட்ட சோகை நெருப்பு. கேமராக்கள் எத்தனை வந்தாலும் இவற்றைக் குறைப்பதே முதல் தற்காப்பு. செஞ்சி முதல் கல்வராயன் வரையுள்ள குன்றுகளில் ஒரு சிறிய வலையமைப்பை ஒரு கோடைப் பருவத்துக்கு நிறுவி, எச்சரிக்கை எழுந்த நேரத்தையும் காவலர் சென்று சேர்ந்த நேரத்தையும் ஒவ்வொரு தீக்கும் குறித்து, பருவத்தின் முடிவில் அக்குறிப்பை மக்கள் முன் வைக்க வனத்துறை முன்வர வேண்டும். காட்டையொட்டி வாழ்வோரும் சமவெளி உழவரும் தம் பங்குக்கு, தீப்பருவம் முடியும்வரை காட்டோரத்தில் எதையும் கொளுத்துவதில்லை என்று ஊர்க்கூட்டங்களில் முடிவெடுக்க வேண்டும்.